கடற்கரைத் தோட்டத்துப் பூவை எப்போது கொடுப்பது, செடியை எப்போது கொடுப்பது?

கேள்வி இதுதான்: ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. சுற்றிலும் மணல் நிலம். கிணற்றுத் தண்ணீர் கோடையில் லேசாகக் கரிக்கிறது. வீட்டில் மல்லிகை நன்றாகப் பூக்கிறது. கூடவே கடற்கரையிலும் கண்மாய்க்கரையிலும் தானாகப் பூக்கும் செடிகளையும் வளர்த்து, வசந்த காலத்தில் பூ, விதை, கன்று எல்லாவற்றையும் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் போன பங்குனியில் கொடுத்த கன்றுகள் எல்லாம் வாங்கிப் போனவர்கள் வீட்டில் பட்டுவிட்டன. எதை வளர்ப்பது, எப்படிக் கொடுப்பது?

கன்று பட்டதற்குக் கைராசியைக் குறை சொல்ல வேண்டாம். பங்குனியில் கொடுத்ததுதான் காரணம். நம் கரையில் பூ நிறைந்து நிற்கும் மாதம் வேறு, செடி கைமாற ஏற்ற மாதம் வேறு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வதை வைத்துத்தான் ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டும். ஆகவே இங்கே பூக்காலம் இரண்டு. மழையை ஒட்டி முளைக்கும் சிறு செடிகள், அதாவது நீங்கள் காட்டுப்பூ என்று சொல்கிறவை, கார்த்திகையில் தலைகாட்டி மாசிக்குள் பூத்துக் காய்த்து முடித்துவிடும். வேர் ஆழமாகப் போன மரங்களும், கவாத்து செய்த, அதாவது கிளையை வெட்டிவிட்ட மல்லிகையும் அதற்குப் பிறகு, வெயில் ஏறும் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை, வைகாசி வரை பூக்கும். பங்குனியில் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டும் ஒன்றாகப் பூத்திருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அப்படி இருக்காது. தும்பை அப்போது காய்ந்த குச்சியாக நிற்கும்; புங்கமரம் தரை தெரியாமல் பூ உதிர்த்திருக்கும்.

முதலில் மழைப் பூக்களைப் பார்ப்போம். நீங்கள் தேடிப் போகவே வேண்டாம். மழை விழுந்த இரண்டாவது வாரம் உங்கள் வேலியோரத்தில் களை என்று பிடுங்கிப் போடுகிறீர்களே, அதிலேயே பாதி இருக்கிறது. தும்பை, கொழுஞ்சி, சிறுபீளை, தைவேளை, விஷ்ணுகிராந்தி. ஒரு பருவம் மட்டும் கிழக்கு மூலையில் கொஞ்சம் இடத்தைக் களையெடுக்காமல் விட்டுப் பாருங்கள். எது உங்கள் மண்ணுக்குச் சொந்தம் என்று அதுவே சொல்லிவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது விஷ்ணுகிராந்தி. தரையோடு தரையாகப் படரும், இலையில் பட்டுப் போன்ற மயிர் இருக்கும், அதன் நடுவே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப் பூ. அந்த நீலம் வேறு செடியில் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் காலையில் மட்டும்தான் விரிந்திருக்கும். உச்சிக்கு முன்பே சுருங்கிவிடும். சாயங்காலம் வந்து ‘எங்கே பூ?’ என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. பறித்துக் கொடுக்கவும் முடியாது, கைக்கு வருவதற்குள் வாடிவிடும். இப்படிப்பட்ட பூவைப் பகிர்வது என்றால் ஆளைக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிடுவதுதான். ஒரு காபியும் கொடுங்கள்.

சிறுபீளையும் ஆவாரையும் அப்படியில்லை. மார்கழிக் கடைசியில் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலையோடு இவை இரண்டும் எல்லா வீட்டுக்கும் வேண்டும். பொங்கலுக்கு முதல் நாள் டவுனில் கட்டு போட்டு விற்பதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். உங்கள் வேலியில் நான்கு ஆவாரையும் ஒரு பாத்தி சிறுபீளையும் இருந்தால் தெரு முழுவதற்கும் போதும். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று மருந்துக்காகச் சொல்வார்கள். இந்தச் செடியின் பிடிவாதத்துக்கும் அது பொருந்தும். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வாழும், ஆடு பெரும்பாலும் கடிக்காது, கிட்டத்தட்ட ஆண்டு முழுக்க நாலு பூவாவது இருக்கும். அதன் இலையில் மஞ்சளும் வெள்ளையுமான பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். இலையைப் புழு அரிக்கிறதே என்று மருந்து அடித்துவிடாதீர்கள். அந்தப் புழுதான் அடுத்த வாரம் பறக்கப் போகிறது.

கிலுகிலுப்பை மணல் நிலத்துக்கு அருமையான செடி. பட்டாணிப் பூ போன்ற மஞ்சள் பூ, காய்ந்ததும் ஆட்டினால் கலகலவென்று சத்தம் போடும் நெற்று. வரிப் பட்டாம்பூச்சிகளில் ஆண்கள் காய்ந்த செடியைத் தேடிவந்து மொய்க்கும். இணை தேடுவதற்கான வாசனைப் பொருளைத் தயாரிக்க அதிலுள்ள ஆல்கலாய்டு என்கிற காரப்பொருள் அவற்றுக்குத் தேவை. அதே காரப்பொருள் ஆடுமாடு தின்றால் ஈரலைக் கெடுக்கும். எனவே கால்நடை வைத்திருப்பவர்களுக்கு இதன் விதையைக் கொடுக்காதீர்கள். கொழுஞ்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஊதாப் பூ அழகு, மண்ணில் மடக்கினால் உரம். நெருஞ்சியை மட்டும் உள்ளே விட வேண்டாம். பூ சூரியனைப் பார்த்துத் திரும்பும், மஞ்சள் கண்ணைப் பறிக்கும், எல்லாம் சரி; வெறுங்காலோடு நடக்கிற குழந்தைகள் உள்ள வீட்டில் அதை வளர்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இவற்றின் விதையைத் தையிலிருந்து பங்குனி வரை சேகரிக்கலாம். நெற்று செடியிலேயே காய்ந்து பழுப்பாக வேண்டும். பச்சையாகப் பறித்து வெயிலில் போட்டால் பாதி முளைக்காது. நிழலில் காயவைத்து, காகிதப் பொட்டலத்தில் கட்டி, காய்ந்த சாம்பலோ வேப்பிலையோ போட்ட டப்பாவில் வையுங்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தும்பை விதை தூசு மாதிரி இருக்கும். பூங்கொத்தையே கொய்து பையில் தலைகீழாகத் தட்ட வேண்டியதுதான். ஆவாரை, கிலுகிலுப்பை, சரக்கொன்றை போன்றவற்றின் விதைத்தோல் கெட்டி. விதைக்கும் முன் உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, ஊதிப் பெருத்ததை மட்டும் எடுத்து ஊன்றுங்கள். இதைப் பொட்டலத்தின் மேலேயே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் வீடு போய்ச் சேருவதற்குள் மறந்துவிடுவார்கள்.

பொட்டலத்தில் இன்னொன்றும் எழுத வேண்டும்: விதைக்கும் மாதம். நெல்லையே புரட்டாசியில் புழுதி விதைப்பாகத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருக்கும் மாவட்டம் இது. காட்டுச்செடி விதைக்கும் அதே கணக்குத்தான். புரட்டாசிக் கடைசியில் மணலைக் கீறித் தூவி, மேலே ஒரு பிடி மணல் போட்டுவிட்டால் போதும். ஆடியில் விதைத்தால் கச்சான் என்கிற மேல்காற்று மணலோடு சேர்த்து விதையையும் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். அதையும் பகிர்தல் என்று சொல்லலாம்தான்.

கடற்கரைச் செடிகளுக்கு வருவோம். நீங்கள் குறிப்பாகக் கேட்டது அடப்பங்கொடி. பழைய நெய்தல் பாட்டுகளில் அடும்பு என்று வருவது இதுதான். இலை இரண்டாகப் பிளந்திருப்பதைப் பார்த்து மானின் காலடி என்றார்கள், இப்போது ஆட்டுக்கால் என்கிறோம். பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல், உள்ளே தொண்டைப் பக்கம் நிறம் இன்னும் அடர்ந்திருக்கும். காலையில் மலர்ந்து வெயில் ஏறியதும் சுருளும். காயைப் பிளந்தால் நான்கு கருத்த விதைகள், மேலே வெல்வெட் மாதிரி பழுப்பு மயிர். இந்த விதை கடலில் மிதக்கும், உப்புநீரில் கிடந்தாலும் முளைப்புத்திறன் போகாது. உலகத்து வெப்பக் கடற்கரை எல்லாவற்றிலும் இதே கொடி படர்ந்திருப்பது அப்படித்தான்.

தோட்டத்துக்குக் கொண்டுவர வேரோடு பிடுங்காதீர்கள். கொடி கணுவுக்குக் கணு மணலில் வேர்விட்டு, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. பிடுங்கிய இடத்தில் மணல்மேடு அரிக்க ஆரம்பிக்கும். நுனியிலிருந்து மூன்று நான்கு கணு வருமாறு ஒரு துண்டு வெட்டி, இரண்டு கணுவை மணலில் படுக்கவைத்துப் புதைத்தால் போதும், மழைக்காலத்தில் உடனே பிடிக்கும். இல்லையென்றால் உதிர்ந்த விதையைப் பொறுக்கி, மேலே சொன்னபடி தேய்த்து ஊன்றலாம். நல்ல உரமண்ணில் நட்டால் இலையாக வளர்ந்து பூவைக் குறைத்துவிடும், எனவே இருக்கிற மோசமான மணல் மூலையை இதற்கு ஒதுக்குங்கள். பரவும், நடைபாதைக்கு வந்தால் வெட்டிவிடுங்கள்.

இராவணன் மீசைப் புல்லைக் கொண்டுவர வேண்டாம். அது மணல்மேட்டிலேயே இருக்கட்டும். அந்த முள் நுனி வீட்டுத் தோட்டத்துக்கு ஆகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலிருந்து ஒரு இலைகூட எடுக்கக் கூடாது. 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. செடி எடுப்பது இருக்கட்டும், வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைப்பதே குற்றம். மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் ‘அங்கேயிருந்து ஒரு கன்று கொண்டு வாங்கண்ணே’ என்று சொல்லி அவர்களை மாட்டிவிடாதீர்கள். தையிலிருந்து பங்குனி வரை தனுஷ்கோடிப் பக்கத்து மணலில் பங்குனி ஆமை முட்டையிடும். அந்த மாதங்களில் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு மணல்மேட்டில் செடி தேடுவதையும் தவிருங்கள்.

தாழை கேட்டிருந்தீர்கள். ஆண்மரத்தின் பூ மட்டும்தான் மணக்கும், பெண்மரம் அன்னாசி போன்ற காயைத் தரும். விதையில் எது வரும் என்று தெரியாது. ஆகவே மணக்கிற மரத்தின் பக்கக்கன்றைத்தான் வாங்கி நட வேண்டும். இலை ஓரமெல்லாம் முள், இடமும் நிறையப் பிடிக்கும். பூவை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ராமேஸ்வரம் கோயிலுக்குப் போகிறவர்களிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்: பொய்ச்சாட்சி சொன்ன கதையால் தாழம்பூ சிவனுக்கு ஆகாது.

இனி மல்லிகை. வசந்தத்தில் பகிர இந்தக் கரையில் இதற்கு மிஞ்சின பூ இல்லை. மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பேரும் பெருமையும் அங்கே போய்விட்டன. ஆனால் அந்த வயல்களுக்கும், இன்னும் எத்தனையோ ஊர்களுக்கும் கன்று போவது ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்துதான். ‘ராமநாதபுரம் குண்டுமல்லி’ என்று வேளாண்துறைக்காரர்களே தனி வகையாகச் சொல்வார்கள். மணலில் வேர் சீக்கிரம் ஓடும், பிடுங்கும்போது அறுபடாமல் வரும். நீங்கள் குறை என்று நினைக்கிற மணல்தான் நாற்றுக்கு மூலதனம். எனவே கன்று கொடுக்க ஆசைப்படுகிற உங்களுக்கு முதல் செடி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பதியன் போடும் முறை எளிது. பென்சில் கனத்துக்கு முற்றிய, ஆனால் வளைகிற கிளையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கணுவுக்குக் கீழே பட்டையை நாக்கு மாதிரி லேசாகச் சீவி, அந்த இடம் மண்ணுக்குள் நாலைந்து விரல் ஆழத்தில் இருக்குமாறு வளைத்துப் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். ஈரம் மட்டும் காயக் கூடாது. மூன்று நான்கு மாதத்தில் வேர்விட்டுவிடும். ஆனியில் போட்டால் ஐப்பசிக்குத் தயார். தாய்ச்செடியிலிருந்து வெட்டியதும் உடனே தூக்கிக் கொடுத்துவிடாமல், பையில் மாற்றி இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். அதில் புதுத் தளிர் விட்டால் மட்டும் கொடுங்கள். தளிர் விடாதது உங்கள் கண்ணெதிரேயே பட்டுப்போகட்டும், வாங்கினவர் வீட்டில் வேண்டாம்.

பங்குனி முதல் ஆனி வரை பூ கொட்ட வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே வேலை முடிந்திருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் செடியைக் கவாத்து செய்துவிடுவார்கள். மழை கொட்டிக் கொண்டிருக்கும், பச்சைப் பசேலென்று நிற்கும் செடியை வெட்ட மனம் வராது. வெட்டத்தான் வேண்டும், மல்லிகை புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும். வெட்டியபின் தொழுவுரமும் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் கொடுங்கள். கவாத்தில் விழுந்த குச்சியை எறிந்துவிடாமல், முற்றிய துண்டுகளை நிழலில் மணலில் நட்டுப் பாருங்கள், கொஞ்சம் பிழைக்கும்.

இந்தக் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மணலில் சிப்பி, பவளத் துகள் கலந்து சுண்ணாம்புச் சத்து கூடியிருக்கும். அதனால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. தளிர் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வெட்சி என்கிற இட்லிப்பூச் செடியிலும் இதையே பார்க்கலாம். தண்ணீர் குறைவு என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், அதனால் பயனில்லை. அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளித்தால் இரண்டு மூன்று முறையில் பச்சை திரும்பும். இலை ஓரம் மட்டும் தீய்ந்தது போல் கருகினால் அது வேறு, உப்பு. மொட்டு வெளுக்காமல் ஊதா நிறமாகிச் சுருங்கினால் உள்ளே புழு. கிள்ளி எரித்துவிடுங்கள், அந்தப் பூவை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பறிக்கும் நேரம் முக்கியம். நன்றாகப் பருத்து வெளுத்த மொட்டு, விரியாதது, காலை வெயிலுக்கு முன். அது சாயங்காலம் பெறுகிறவர் வீட்டில் விரியும். மதுரைக்கோ சென்னைக்கோ பஸ்ஸில் கொடுத்து அனுப்புவதாக இருந்தால் மொட்டாகவே அனுப்புங்கள், கட்டி அனுப்ப வேண்டாம். ஈரம் பிழிந்த மெல்லிய துணியில் சுற்றி, மேலே வாழை இலை. தண்ணீர் சொட்டினால் வழியிலேயே பழுப்பாகிவிடும். விளக்கு வைத்தபின் பூ கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உப்பு, ஊசி, பால் கொடுக்கத் தயங்குகிற வீடுகளிலும் பூவுக்குத் தடை சொல்லி நான் பார்த்ததில்லை. எப்படியும் மல்லிகை பூக்கும் நேரமே அதுதானே.

மரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூவரசு உப்புக்காற்றுக்கு அஞ்சாது. காலையில் மஞ்சளாக விரிந்து, உள்ளே கருஞ்சிவப்புக் கண்ணோடு நிற்கும் பூ, சாயங்காலம் சிவந்து விழும். கைக்கனத்துக்கு ஒரு போத்து, அதாவது கிளைத்துண்டு வெட்டி மழையில் நட்டால் பிடித்துவிடும், கொடுப்பதற்கு இதைவிட எளிய மரம் கிடையாது. புன்னை மெதுவாக வளரும். ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் விதைத்தால் முளைப்பு விரைவாகும். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் கேசரமும் மணமும், கடலோர வீட்டு வாசலுக்கு அது வந்துவிட்டால் வேறு அலங்காரம் தேவையில்லை. சரக்கொன்றை சித்திரையில் பொன்னாகத் தொங்கும், ஆனால் கடலைப் பார்த்த பக்கத்தில் நட்டால் காற்றில் கருகும். வீட்டுக்குப் பின்னால் நடுங்கள். ராமேஸ்வரம், மண்டபம் வழியில் குடை விரித்தாற்போல் நிற்கிறதே உடைமரம், அதையும் ஒன்று விட்டுவையுங்கள். பூ சிறியதுதான், நிழல் பெரியது.

வேப்பம்பூ தனி. பங்குனிக் கடைசியில் மரத்தடியில் பழைய சேலையை விரித்துப் போட்டால் ராத்திரியில் உதிர்ந்தது காலையில் சுத்தமாகக் கிடைக்கும். காம்பு தூசு நீக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சின்னச் சின்ன டப்பாவில் போட்டுச் சித்திரை முதல் நாளைக்கு முன்னால் கொடுங்கள். பச்சடிக்கு, ரசத்துக்கு. பட்டணத்தில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு உங்கள் தோட்டத்திலிருந்து போகும் பொருள்களில் இதற்குத்தான் மதிப்பு அதிகம். மல்லிகை அங்கேயும் கிடைக்கும். வேப்ப விதையைக் கொடுப்பதென்றால் ஆனி, ஆடியில் பழம் விழுந்த கையோடு கொடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் முளைப்புத்திறன் போய்விடும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து மணலில் மழைநீர் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் கனம். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடிக்கு நல்ல நீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால், மேலே ஓர் அடி இறங்கும்படி இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். தனுஷ்கோடியில் கையால் மணலைத் தோண்டி ஊற்றில் குடிநீர் எடுக்கிறார்கள், அதே இடத்தில் ஆழமாகக் குழாய் இறக்கினால் உப்பு. எனவே கோடையில் தண்ணீர் கரித்தால் இன்னும் ஆழமாகப் போர் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர் முழுவதையும் கிணற்றோரம் மணலில் இறக்குங்கள்.

பங்குனியில் மல்லிகைக்கு ஊற்றும்போது தினமும் ஒரு சொம்பு என்று ஊற்றினால் உப்பு மேலேயே தங்கிவிடும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, உப்பைக் கீழே தள்ளும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். தூரைச் சுற்றி தென்னை மட்டையோ பனையோலையோ போட்டு மூடினால் பாதித் தண்ணீர் மிச்சம். புதுக் கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையைக் கழுத்து வரை புதைத்து நிரப்பி வைப்பதும் நல்ல வழி. கண்மாயில் தண்ணீர் வற்றும்போது அடியில் படிந்த வண்டலான கரம்பை மண் கிடைத்தால் இரண்டு வண்டி வாங்கி மணலோடு கலந்துவிடுங்கள். கரம்பையை மட்டும் கொட்டினால் பாறை மாதிரி இறுகும். கண்மாய் உப்புப் பூத்ததாக இருந்தால் வேண்டவே வேண்டாம். ஆட்டுக்கு வேலி போடாமல் இந்தப் பக்கத்தில் எதுவும் நிற்காது. பனைமட்டையைக் கருக்கோடு நெருக்கமாக நட்டால் கம்பிவேலியைவிட நன்றாகக் காக்கும், காற்றையும் வடிகட்டும்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதிலும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். உண்ணிச்செடி, நெய்வேலிக் காட்டாமணக்கு, கொடிரோஸ், ஆகாயத்தாமரை ஆகியவை அழகாகப் பூக்கும், கேட்பவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். விறகுக்கும் வேலிக்கும் என்று வந்த சீமைக் கருவேலம் இந்த மாவட்டத்துக் கண்மாய்களையும் தரிசுகளையும் என்ன செய்திருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் அதை நம்பியும் இருக்கிறார்கள், அது தனிக் கதை. நித்தியகல்யாணியைப் பற்றி எனக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. மடகாஸ்கரிலிருந்து வந்ததுதான், ஆனால் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் மருந்துக்காகப் பயிராகவே வளர்த்திருக்கிறார்கள். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் அதிலிருந்துதான் வருகின்றன. தண்ணீரே இல்லாத இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இலையை மென்றால் சர்க்கரை குறையும் என்று யாராவது கேட்டு வாங்க வந்தால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நஞ்சுள்ளவற்றைக் கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். செங்காந்தள் மாநில மலர், மழையில் வேலியில் ஏறித் தீக்கொழுந்து மாதிரி பூக்கும். அதன் கிழங்கு உயிரை எடுக்கும். கொல்கிசின் என்ற நஞ்சு செடி முழுவதும் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்தக் கிழங்கைக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரளி, ஊமத்தை, குன்றிமணி ஆகியவற்றுக்கும் இதே விதி. வெள்ளெருக்கை விநாயகருக்கு என்று விரும்பி வாங்குவார்கள். பால் கண்ணில் படக் கூடாது, பூப் பறித்த கையைக் கழுவ வேண்டும்.

இனி மாதக் கணக்கு. பங்குனி, சித்திரையில் பூ மட்டும்: மல்லிகை மொட்டு, வேப்பம்பூ, கொன்றைக் கொத்து. யாராவது கன்று கேட்டால் பெயரை எழுதி வைத்துக்கொண்டு ஐப்பசியில் வரச் சொல்லுங்கள். முகம் சுருங்கும், பரவாயில்லை. விதைப் பொட்டலத்தை வைகாசியிலிருந்தே கொடுக்கலாம், ஆனால் ஆவணியில் கொடுத்தால்தான் மறக்காமல் விதைப்பார்கள். முளைப்பாரிக்காக வீடு வீடாகத் தானியம் வாங்கிப் பழகிய ஊர் இது, விதை கேட்டுவருவதில் யாருக்கும் கூச்சம் இருக்காது. ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கியபின் கன்றும் போத்தும் பதியனும். அப்போது நட்டதற்கு மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். மண்ணில் தங்கிய உப்பையும் அதே மழை கழுவி இறக்கியிருக்கும். அடுத்த பங்குனி வெயிலுக்குள் வேர் ஆழம் போய்விடும்.

கன்றைக் கொடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தையும் கணு இடுக்கையும் பாருங்கள். மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அந்தக் கன்று எங்கும் போகக் கூடாது, ஒரு கன்றிலிருந்து தெரு முழுவதும் பரவும். வாங்கிக்கொண்டு போகிறவரிடம் அவர் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டுச் செடியைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் நன்றாகக் கரிக்கிறது என்றால் மல்லிகையைக் கொடுக்காமல் பூவரசுப் போத்தையோ ஆவாரை விதையையோ கையில் கொடுங்கள்.

கடைசியாக, ஊட்டியில் வாங்கிவந்த பேன்சி, டேலியா விதையை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். கார்த்திகைக் கடைசியில் தொட்டியில் கரம்பையும் தொழுவுரமும் கலந்து போட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். தை, மாசியில் கொஞ்சம் பூக்கும், பங்குனிக் காற்றுக்குக் காய்ந்துவிடும். அதை வீட்டுக்குள் ரசிக்க வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் கன்றாகக் கொடுக்க வேண்டாம்.